சுற்றுலா விசா: டிக்கெட் போடும் முன் தொடங்க வேண்டிய வேலை

முதன்முறை நான் சுற்றுலா விசாவுக்குக் கொண்டுபோன கோப்பு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தாள்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் தனி உறையில். விண்ணப்ப மையத்தின் கவுன்ட்டரில் இருந்த பெண் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, பென்சிலை எடுத்து மூன்று இடங்களில் சின்ன வட்டம் போட்டார். பயணத்தைப் பற்றி நான் எழுதிய கடிதத்தில் 13 நாள் தங்குவதாக இருந்தது. விடுதிப் பதிவில் 11 இரவு. இன்சூரன்ஸில் 12 நாள். "இதில் எது சரி?" என்றார்.

நான் புறப்படுவது 3ஆம் தேதி இரவு, போய் இறங்குவது 4ஆம் தேதி காலை, அங்கிருந்து கிளம்புவது 15ஆம் தேதி காலை. ஆக, விடுதிக்கு 11 இரவு சரி. அந்த நாட்டில் இருக்கும் நாள் 12, இன்சூரன்ஸும் சரி. வீட்டிலிருந்து கிளம்பும் நாளையும் சேர்த்து எண்ணி, கடிதத்தில் 13 நாள் "தங்குவதாக" எழுதியதுதான் தப்பு. நேரில் இருந்ததால் விளக்கிவிட்டு, கடிதத்தை மாற்றிக் கொடுக்க முடிந்தது. கோப்பு அதிகாரியின் மேசைக்குப் போன பிறகு என்றால் பக்கத்தில் நின்று விளக்க நான் இருக்க மாட்டேன். அவருக்கு என்னைத் தெரியாது, என் தாள்களை மட்டும்தான் தெரியும். அந்தத் தாள்கள் ஒன்றுக்கொன்று சண்டை போடக் கூடாது. விசா வேலையில் பாதி இதுதான்.

விசா வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

இதற்குப் பதில் உங்கள் கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்து போகும் இருவரில் ஒருவருக்கு விசாவே வேண்டாம். இன்னொருவர் இரண்டு மாதம் அலைந்து வாங்கியிருப்பார். அதனால் நண்பர் போய்வந்த கதையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பொதுவாக நான்கு வழிகள் உண்டு. விசா இல்லாமலே போவது, இறங்கிய இடத்தில் வாங்குவது, ஆன்லைனில் விண்ணப்பித்து வாங்கும் ஈ-விசா, தூதரகத்திடம் முறைப்படி விண்ணப்பித்து வாங்குவது. இதற்கிடையில் அமெரிக்காவின் எஸ்டா, கனடா, பிரிட்டன் நாடுகளின் ஈடிஏ போன்ற மின்னணு அனுமதிகளும் இருக்கின்றன. இவை விசாவுக்கு மாற்று அல்ல. பெரும்பாலும் ஏற்கெனவே விசா விலக்கு பெற்ற நாட்டவருக்கானவை. விசா வாங்க வேண்டியவர் எஸ்டாவுக்குப் பணம் கட்டினால் ஒரு பயனும் இல்லை.

தகவலைப் போகும் நாட்டின் குடிவரவுத் துறை அல்லது தூதரகத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள். தேடுபொறியில் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். அசல் தளம் மாதிரியே சின்னமும் நிறமும் வைத்து, கட்டணத்தை இரண்டு மூன்று மடங்கு வாங்கும் கடைகள் ஏராளம். பணம் கட்டும் முன் முகவரிப் பட்டையை ஒரு முறை படித்துவிடுங்கள். பல நாடுகளில் அரசுத் தளத்தின் முகவரியில் 'கவ்' (gov) என்ற சொல் வரும். அந்தச் சொல் தளப் பெயரின் கடைசிப் பகுதியில் இருக்கிறதா, நடுவில் எங்காவது செருகப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

இன்னொரு விஷயம், வழியில் விமானம் மாறுவது. போகும் நாட்டுக்கு விசா வாங்கிவிட்டு, இடையில் நிற்கும் நாட்டை மறந்து போகிறவர்கள் உண்டு. அமெரிக்க விமான நிலையங்களில் குடிவரவைத் தாண்டாமல் அடுத்த விமானம் ஏறும் வசதி கிடையாது. இரண்டு மணி நேரம் நிற்பதானாலும் விசா அல்லது எஸ்டா வேண்டும். ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) சில நாட்டவர்கள் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறுவதற்குக்கூட தனி விசா வாங்க வேண்டும். இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் சிக்கல் இன்னும் கூடும். பெட்டியை எடுத்து மறுபடி போட வெளியே வர நேரலாம், வெளியே வருவது என்றால் அந்த நாட்டுக்குள் நுழைவதுதான்.

பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்

காலாவதித் தேதி மட்டும் போதாது. பயண நாளிலிருந்து ஆறு மாதம் செல்ல வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஷெங்கன் விசாவுக்கு, அங்கிருந்து நீங்கள் வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும், பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். ஓரம் கிழிந்தது, தண்ணீர் பட்டு ஊறியது, பெயர்ப் பக்கத்தின் பிளாஸ்டிக் உரிந்தது என்றால் முதலில் புதுசு வாங்கிவிட்டு அப்புறம் விசாவைப் பற்றி யோசியுங்கள்.

பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் பழைய விசாக்களும் முத்திரைகளும்தான், போன நாட்டிலிருந்து சொன்ன தேதிக்குள் திரும்பி வந்தவர் நீங்கள் என்பதற்குச் சாட்சி.

நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணுவது

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசியாக 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம், தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டலாம். பிரிட்டன் விசாவுக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும், வழக்கமாக மூன்று வாரத்தில் பதில் வரும். அமெரிக்க விசாவில் நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதுதான் பெரிய வேலை. ஊருக்கு ஊர் மாறும், சில இடங்களில் பல மாதம் ஆகும். அதனால் எங்கே போவது என்று முடிவு செய்ததும், விடுதி தேடுவதற்கு முன்பு அப்பாயின்ட்மென்ட் எப்போது கிடைக்கிறது என்று பாருங்கள்.

இந்த எண்ணிக்கையெல்லாம் கோப்பு அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்துதான் ஓடும். அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்கும் நாட்கள் அதில் சேராது. விடுமுறைக் காலத்துக்கு முன்னால் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். நான் மூன்று மாதத்துக்குக் குறைவாக வைத்துக்கொள்வதில்லை. பாஸ்போர்ட்டும் பல நேரம் அவர்களிடமே இருக்கும் என்பதால், அந்த வாரங்களில் வேறு வெளிநாட்டுப் பயணம் இருக்கக் கூடாது.

டிக்கெட் விஷயத்தில் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "டிக்கெட் இல்லாமல் விசா கிடைக்காது, விசா இல்லாமல் டிக்கெட் எடுக்கப் பயம்" என்பார்கள். பெரும்பாலும் கேட்பது முன்பதிவுதான், பணம் கட்டி முடித்த டிக்கெட் அல்ல. அமெரிக்க அரசு தன் தளத்திலேயே, விசா கைக்கு வரும்வரை பயணத்தை உறுதி செய்யாதீர்கள் என்று சொல்கிறது. ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட், கட்டணமில்லாமல் ரத்தாகும் விடுதிப் பதிவு, சில நாட்கள் இருக்கையைப் பிடித்து வைக்கும் விமான நிறுவன வசதி என்று நேர்மையான வழிகள் இருக்கின்றன. 'டம்மி டிக்கெட்' என்று சொல்லி, இல்லாத பதிவு எண்ணோடு ஒரு தாளை அடித்துக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்த எண்ணை விமான நிறுவனத் தளத்தில் போட்டுப் பார்க்க அதிகாரிக்கு அரை நிமிடம் போதும்.

ஷெங்கன் என்றால் எந்த வாசலில் நிற்பது?

29 நாடுகளுக்கு ஒரே விசா. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது ஒரே ஒரு நாட்டிடம். எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாடு. நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பாரிஸில் 3 இரவு, ரோமில் 5, ஆம்ஸ்டர்டாமில் 2 என்றால், முதலில் பாரிஸில் இறங்கினாலும் விண்ணப்பம் இத்தாலிக்குத்தான். வேறொரு நாட்டில் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்று அங்கே கொடுத்துவிட்டு, திட்டத்தில் அந்த நாட்டுக்கு ஒரே ஒரு இரவு வைத்திருந்தால் கேள்வி வரும். ஐரோப்பிய ஒன்றியமும் ஷெங்கனும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கின்றன. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் இருக்கின்றன, ஷெங்கனில் இல்லை.

எந்த நாட்டு விசாவானாலும், நீங்கள் சட்டப்படி வசிக்கும் இடத்திலிருந்து விண்ணப்பிப்பதுதான் வழக்கம். சுற்றுலாவாகப் போன இடத்தில் இருந்துகொண்டு அடுத்த நாட்டு விசாவுக்குப் போட்டால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.

படிவம்

பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி, வரிக்கு 44 எழுத்து, நடுவில் அம்புக்குறிகளோடு ஒரு பட்டை இருக்கும். எல்லை இயந்திரம் வாசிப்பது அதைத்தான். படிவத்தில் பெயர் எப்படி வர வேண்டும் என்று சந்தேகம் வந்தால் அந்தப் பட்டையைப் பாருங்கள். முதல் வரியில் நாட்டின் குறியீட்டுக்கு அடுத்து, இரட்டை அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது குடும்பப்பெயர், பின்னால் இருப்பது உங்கள் பெயர். உலகத்தில் எல்லாருக்கும் இரண்டு பெயர் இருக்கும் என்று நினைத்துத்தான் இந்தப் படிவங்களைச் செய்திருக்கிறார்கள். ஒரே பெயர் உள்ளவர்கள் அந்தந்த நாட்டின் குறிப்பைப் படித்து நிரப்ப வேண்டும். அமெரிக்கப் படிவத்தில் பெயர்க் கட்டம் காலியாக இருக்க வேண்டியவர்கள் 'எஃப்என்யூ' ('முதற்பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட வேண்டும். ஈ-விசாவில் பாஸ்போர்ட் எண்ணின் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்து விழுந்தால், அந்த விசா உங்கள் பாஸ்போர்ட்டுக்கு உரியதே அல்ல. அனுப்பும் முன் எண்ணை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் பலன் உண்டு.

அமெரிக்க விசாவின் டிஎஸ்-160 படிவம் நீளமானது. சுமார் 20 நிமிடம் கை வைக்காமல் விட்டால் வெளியே தள்ளிவிடும். தொடங்கியதும் திரையில் வரும் விண்ணப்ப எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் சேமியுங்கள். கடந்த ஐந்து ஆண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் அது கேட்கும்.

முன்பு எங்காவது விசா மறுத்திருந்தால் மறைக்காதீர்கள். மறுப்பு ஒரு தகவல், அதை மறைப்பது பொய். இரண்டுக்கும் விளைவு வேறு. பொய்த் தகவலோ போலி ஆவணமோ கண்டுபிடிக்கப்பட்டால் கனடா 5 ஆண்டு, பிரிட்டன் 10 ஆண்டு வரை தடை போடுகிறது. அமெரிக்காவில் அது வாழ்நாள் தகுதியின்மை. ஏஜென்ட் நிரப்பினார், எனக்குத் தெரியாது என்பது எங்கும் செல்லாது. கையெழுத்து உங்களுடையது. ஏஜென்டிடம் கொடுத்தாலும், அனுப்புவதற்கு முன் முழுப் படிவத்தையும் வாங்கி ஒரு முறை படியுங்கள்.

தாள்கள் சொல்லும் கதை

அதிகாரி மனதில் நான்கு கேள்விகள். யார் நீங்கள்? எதற்குப் போகிறீர்கள்? செலவு யாருடையது? ஏன் திரும்பி வருவீர்கள்? ஒவ்வொரு தாளும் இந்த நான்கில் ஏதாவது ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். எதற்கும் பதில் சொல்லாத தாளை எடுத்து வெளியே வையுங்கள். கோப்பு தடியாக இருந்தால் மதிப்பு கூடும் என்பது தப்பான எண்ணம்.

வங்கி ஸ்டேட்மென்ட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். எல்லாரும் கடைசி வரியில் இருக்கும் பேலன்ஸைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், அதிகாரி பார்ப்பது அந்தப் பணம் வந்த வழியை. மாதாமாதம் சம்பளம் விழுந்து, வாடகை போய், கொஞ்சம் மிஞ்சி ஏறிக்கொண்டு வரும் சாதாரணக் கணக்கு நல்ல கணக்கு. மூன்று மாதம் காய்ந்து கிடந்துவிட்டு, விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் பெரிய தொகை ஒன்று வந்து உட்கார்ந்தால், அது கடன் வாங்கிக் காட்டிய பணம் என்றுதான் முதலில் தோன்றும். நிஜமாகவே நிலம் விற்ற பணமோ, முதிர்ந்த வைப்புத்தொகையோ என்றால் அதற்கான தாளையும் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். பெரும்பாலும் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், சில இடங்களில் ஆறு மாதம். செலவை வேறு ஒருவர் ஏற்கிறார் என்றால் அவருடைய கடிதம், அவருடைய ஸ்டேட்மென்ட், அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்பதற்கு ஒரு சான்று, மூன்றும் சேர்ந்தே போக வேண்டும்.

திரும்பி வருவதற்கான காரணம் ஆளுக்கு ஆள் மாறும். வேலையில் இருப்பவருக்கு, விடுப்பு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எப்போது மீண்டும் வேலையில் சேர வேண்டும் என்று சொல்லும் அலுவலகக் கடிதம். தொழில் செய்பவருக்குப் பதிவுச் சான்றும் வரிக் கணக்கும். மாணவருக்குக் கல்லூரிக் கடிதம். தனியாக ஒப்பந்த வேலை செய்பவர்கள்தான் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும். ஒப்பந்தங்கள், பில்கள், அவற்றுக்கான பணம் கணக்கில் விழுந்த வரிகள் என்று இணைத்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே வைக்கும் கவரிங் லெட்டர் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அழகான நடையும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"நான் ஒரு பள்ளியில் எட்டு ஆண்டுகளாக ஆசிரியராக வேலை செய்கிறேன். மே 4 முதல் 15 வரை இத்தாலியிலும் பிரான்ஸிலும் சுற்றுலாவாக 12 நாள் தங்க விரும்புகிறேன். செலவு முழுவதும் என் சேமிப்பிலிருந்து. மே 18 அன்று பள்ளியில் மீண்டும் சேர வேண்டும், விடுப்புக் கடிதம் இணைத்துள்ளேன்."

நான்கு வாக்கியம், நான்கு கேள்விக்கும் பதில். இதன் கீழே இணைப்புகளின் பட்டியல். இந்தக் கடிதத்தை வேறு எவரையாவது படிக்கச் சொல்லி, டிக்கெட், விடுதி, இன்சூரன்ஸ், விடுப்புக் கடிதம் நான்கிலும் இருக்கும் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். என் கதையில் பென்சில் வட்டம் விழுந்தது அங்கேதான்.

பயணத் திட்டம் மனிதர் போகக்கூடிய திட்டமாக இருக்கட்டும். பத்து நாளில் எட்டு நகரம் என்று போட்டால் போகிறவருக்கே நம்பிக்கை வராது. ஷெங்கன் விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். குறைந்தது 30,000 யூரோ வரை அவசர சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, உடல்நிலை காரணமாகவோ இறந்தாலோ ஊருக்குக் கொண்டுவரும் செலவு எல்லாம் அதில் அடங்க வேண்டும், ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் செல்ல வேண்டும். குழந்தை பெற்றோரில் ஒருவரோடு மட்டும் போகிறது என்றால் மற்றவரின் ஒப்புதல் கடிதத்தைத் தயாராக வையுங்கள். ஆவணங்கள் வேறு மொழியில் இருந்தால், எந்த மொழிக்கு மாற்ற வேண்டும், யார் மொழிபெயர்க்கலாம் என்பது அவர்களுடைய பட்டியலிலேயே இருக்கும்.

புகைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஷெங்கனுக்கு 35-க்கு 45 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு 2 அங்குலச் சதுரம், கடைசி ஆறு மாதத்தில் எடுத்தது. அமெரிக்க விசாப் படத்தில் 2016 நவம்பரிலிருந்து கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூடாது. பழைய விசாவில் இருக்கும் அதே படத்தை மறுபடி கொடுத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கவுன்ட்டரிலும் நேர்காணலிலும்

பல நாடுகள் கோப்பு வாங்கும் வேலையைத் தனியார் விண்ணப்ப மையங்களிடம் கொடுத்திருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் தாள்களைச் சரிபார்த்து, கைரேகை எடுத்து, உறையில் போட்டு அனுப்புகிறவர்கள். விசா தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர்கள் அல்ல. கூடுதல் பணம் கட்டினால் சோபாவும் காபியும் கிடைக்கும், முடிவு மாறாது. "உள்ளே நமக்கு ஆள் இருக்கிறார்" என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

கட்டணம் திரும்பி வராது, விசா மறுக்கப்பட்டாலும் வராது. ஷெங்கனுக்கு 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 45, அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். பத்து விரல் ரேகையும் எடுப்பார்கள், விரலில் வெட்டுக் காயமோ கட்டோ இருந்தால் ஆறிய பிறகு போவது நல்லது. ஷெங்கனில் ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதம் வரை செல்லும், கனடாவில் 10 ஆண்டு.

அமெரிக்க விசாவில் நேர்காணல்தான் முக்கியம். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அங்கே 214(பி) என்ற சட்டப் பிரிவு ஒன்று உண்டு. அதன்படி, விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் அங்கேயே குடியேற நினைப்பவர் என்றுதான் அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. இதைத் தெரிந்துகொண்டால் கேள்விகள் ஏன் கறாராக இருக்கின்றன என்பது புரிந்துவிடும், மனதில் ஏறாது.

"எதற்குப் போகிறீர்கள்?" என்று கேட்டால், "தங்கையைப் பார்க்க. மூன்று வாரம். நியூயார்க்கில் இருக்கிறாள்." அவ்வளவுதான். "எனக்குச் சின்ன வயதிலிருந்தே" என்று ஆரம்பிக்காதீர்கள். கோப்பைக் கேட்காமல் நீட்டவும் வேண்டாம். மனப்பாடம் செய்த பதில் ஒப்பிக்கும்போது கண்ணில் தெரிந்துவிடும். தெரியாத கேள்விக்கு 'தெரியவில்லை' என்று சொல்வதில் தப்பே இல்லை.

கைக்கு வந்த விசாவை வாசிப்பது

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பும் முன், ஐந்து நிமிடம் உட்கார்ந்து படியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதியில் பிழை இருந்தால் உடனே சொல்ல வேண்டும், பயணத்துக்கு முதல் நாள் அல்ல.

ஷெங்கன் ஸ்டிக்கரில் மூன்று விஷயங்கள் புதியவர்களை ஏமாற்றும். மே 4 முதல் மே 30 வரை செல்லும் என்று தேதி போட்டு, தங்கும் காலம் 12 நாள் என்று இருக்கும். நுழையும் எண்ணிக்கை 01 என்று இருக்கும். இதன் பொருள், அந்த 27 நாள் இடைவெளியில் எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஆனால் 12 நாள்தான் இருக்கலாம், ஒரே ஒரு முறைதான் நுழையலாம். விமானம் தள்ளிப்போனால் சமாளிக்க 15 நாள் கூடுதல் அவகாசம் கொடுக்கிறார்கள், தங்குவதற்கு அல்ல. என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஒற்றை நுழைவு விசாவோடு பாரிஸ் போய், நடுவில் இரண்டு நாள் லண்டனைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று டிக்கெட் எடுத்திருந்தார். பிரிட்டன் விசாவும் கையில் இருந்தது. ஆனால் லண்டன் போனதும் ஷெங்கன் விசாவின் அந்த ஒரு நுழைவு முடிந்துவிடும். கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு யாரோ சொல்லித் தெரிந்து, லண்டனைக் கடைசிக்குத் தள்ளி, வீடு திரும்பும் டிக்கெட்டை அங்கிருந்து மாற்றி எடுத்தார். பல முறை நுழையும் விசாவில் எண்ணுக்குப் பதில் 'மல்ட்' என்று இருக்கும். அப்போதும் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது.

அமெரிக்க விசாவில் தேதி பத்தாண்டு வரைகூட இருக்கலாம். அது அந்த நாட்டு வாசலுக்குப் போய் நிற்பதற்கான அனுமதிதான். எத்தனை நாள் இருக்கலாம் என்பதை இறங்கும்போது குடிவரவு அதிகாரி முடிவு செய்வார், அது ஐ-94 என்ற பதிவில் இருக்கும். ஆஸ்திரேலியா ஸ்டிக்கரே ஒட்டுவதில்லை, விசா பாஸ்போர்ட் எண்ணோடு மின்னணு முறையில் இணைந்திருக்கும். இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் புது எண்ணை அவர்களிடம் பதிய வேண்டும்.

மறுத்துவிட்டால்

காரணத்தைப் படியுங்கள். ஷெங்கன் மறுப்புக் கடிதம் ஓர் அச்சுப் படிவம், எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பயண நோக்கம் தெளிவாக இல்லை, செலவுக்குப் பணம் இருப்பது நிரூபணமாகவில்லை, விசா முடிவதற்குள் வெளியேறுவீர்களா என்பதில் சந்தேகம் என்பவை அடிக்கடி வருபவை. மேல்முறையீட்டு உரிமையும் உண்டு, எத்தனை நாளுக்குள், எங்கே என்று அதே கடிதத்தில் இருக்கும். அமெரிக்காவின் 214(பி) மறுப்புக்கும், பிரிட்டன் சுற்றுலா விசா மறுப்புக்கும் மேல்முறையீடு கிடையாது, புதிதாக விண்ணப்பிக்கலாம்.

கோபத்தில் அடுத்த நாளே அதே கோப்பை மறுபடி கொடுக்காதீர்கள். அதே தாள்களுக்கு அதே பதில்தான் வரும், கட்டணம்தான் நஷ்டம். சொன்ன காரணத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் புதுத் தாள் ஒன்றாவது கையில் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் சில மாதம் கழித்து, நிலைமை மாறிய பிறகு பார்க்கலாம்.

விமான நிலையத்தில்

முதல் பரிசோதனை விமான நிறுவனத்தின் கவுன்ட்டரிலேயே நடக்கும். டிமாடிக் என்ற தரவுத்தளத்தில் உங்கள் பாஸ்போர்ட்டையும் போகும் இடத்தையும் வைத்துப் பார்ப்பார்கள். சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் நிறுவனத்துக்கு அபராதம், திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் அதற்குத்தான். அதனால் அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை.

விசா இருந்தாலும் நுழைவு உறுதியல்ல. எல்லையில் இருக்கும் அதிகாரி மறுபடி கேட்கலாம். விடுதிப் பதிவு, திரும்பும் டிக்கெட், இன்சூரன்ஸ், பணம் இருப்பதற்கான ஆதாரம் எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள். சரக்கோடு போன பெட்டியில் இருந்தால் பயன்படாது. விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபரிலிருந்து படிப்படியாக முத்திரைக்குப் பதில் முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது. நீங்கள் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதை இயந்திரமே எண்ணிவிடும்.

திரும்பி வந்ததும் போர்டிங் பாஸ் துண்டுகளைக் குப்பையில் போடாமல், விசா கோப்பிலேயே செருகி வையுங்கள். முத்திரை விழாத நாடுகளில், சொன்ன தேதியில் வெளியேறினீர்கள் என்பதற்கு உங்கள் கையில் இருப்பது அதுதான். அடுத்த விண்ணப்பத்தில் 'இதற்கு முன் எங்கே போயிருக்கிறீர்கள், எந்தத் தேதியில்' என்று கட்டம் வரும்போது தேடி அலைய வேண்டியிருக்காது.